தேவதாருச் சதுப்பில் நிற்பவர்கள்

ஐலா தன் கோட்டைக் கதவோரத்து ஆணியில்தான் மாட்டியிருந்தாள். அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் விடியற்காலையில் கம்பளி கருகும் நாற்றம் மூக்கில் ஏறி அவளை எழுப்பியபோது, கோட்டு அடுப்பின் மேல் கிடந்தது. ஒரு கை முழுதும் எரிந்துபோய், முதுகில் தட்டு அகலத்துக்கு ஓட்டை விழுந்து, ஓரங்கள் இன்னும் சிவப்பாகக் கனன்றுகொண்டிருந்தன.

அவளுடைய அண்ணன் என்சியோ அவளுக்கு முன்பே எழுந்திருந்தான். அடுப்புக்கு இரண்டு எட்டு தள்ளி மேசையருகே நின்று, அவளுக்கு முதுகைக் காட்டியபடி ஏலக்காய் ரொட்டியை அறுத்துக்கொண்டிருந்தான். அந்த நாற்றம் அவனுக்கு எட்டாமல் இருந்திருக்க முடியாது.

"என் கோட்டு எப்படிண்ணா அங்க போச்சு?"

"ஈரமா இருந்துச்சு. காயட்டும்னு கிட்ட மாட்டினேன். நழுவி விழுந்திருக்கும்."

முந்தின நாள் மழையும் இல்லை, பனியும் இல்லை. கோட்டு எங்கே ஈரமானது?

"காய வச்சியா, வறுத்து எடுத்தியா? நாலு உருளைக்கிழங்கையும் கூடப் போட்டிருக்கலாம்ல."

சாதாரணமாக இதற்கு என்சியோ தோள் குலுங்கச் சிரிப்பான். பதிலுக்கு அவள் சமையலை இழுப்பான். இன்று அவன் கத்தியைத் துடைத்து வைத்துவிட்டு, திரும்பாமலே சொன்னான்.

"நீலோவோட கோட்டு இருக்கு. அதைப் போட்டுக்க."

சுவரின் உள்மூலையில் அது தொங்கியது. சிவப்பும் கறுப்பும் கட்டம் போட்ட கம்பளிக் கோட்டு. ஒரு வருஷமாக அதை யாரும் தொட்டதில்லை.

நீலோ என்சியோவின் ஒரே மகன். சுரங்கத்தில் வேலைக்குச் சேர்ந்து, கல்யாணத்துக்குப் பெண் பார்த்து வைத்திருந்தவன். போன நவம்பரில் இதே வேட்டைக் குடிசையிலிருந்து மான் வேட்டைக்குப் போனவன் திரும்பவில்லை. ஊர் முழுக்கத் தேடியது. நாய்களைக் கொண்டுவந்தார்கள், அவை சதுப்பின் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டன. கிடைத்தது அவன் துப்பாக்கியும் இந்தக் கோட்டும் மட்டும்தான். துப்பாக்கி ஒரு மரத்தில் பதமாகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. கோட்டு கிளையில் தொங்கியது, கழுத்துவரை எல்லாப் பொத்தானும் போட்டபடி. சேற்றுக்குழியில் போயிருப்பான் என்று ஷெரீப் சொல்லி முடித்துக்கொண்டார். என்சியோவின் மனைவி லெம்பி இன்னும் ஒவ்வொரு ராத்திரியும் மகனுக்குத் தட்டு வைக்கிறாள்.

"வேண்டாம்ணா. நான் ஸ்வெட்டரோட போயிக்கறேன்."

"ஏரிக்காத்து வீசுது. செத்துப்போவ." அவன் கோட்டை எடுத்து, அவள் சிறுமியாக இருந்த காலத்தில் செய்ததுபோல, பின்னாலிருந்து விரித்துப் பிடித்தான். "கையை விடு, ஐலா."

அவர்களுடைய அம்மா போனபோது ஐலாவுக்கு ஏழு வயது. அதற்குப் பிறகு அவளுக்குத் தலை பின்னிவிட்டதும், துப்பாக்கி பிடிக்கச் சொல்லிக்கொடுத்ததும், காட்டில் எப்படி நடப்பது, எப்படி நிற்பது என்று காட்டியதும் இந்த அண்ணன்தான். அவன் கோட்டை விரித்தால் அவள் கை தானாக உள்ளே போகும். போனது.

எலிப்புழுக்கை நாற்றமும் பூஞ்சையும் அடிக்கும் என்று மூச்சை அடக்கியிருந்தாள். அப்படி எதுவும் இல்லை. சோப்பு, புகையிலை, ஒரு இளைஞனின் புது வியர்வை. உள்துணி வெதுவெதுப்பாக இருந்தது. யாரோ இப்போதுதான் கழற்றிக் கொடுத்ததுபோல.

அடுப்பின் சூடாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். அந்த ஆணி அடுப்பிலிருந்து வெகுதூரத்தில் இருந்தது.

"உன் துப்பாக்கியில தோட்டா போட்டுட்டேன்," என்றான் என்சியோ. தோட்டாக்களை அவன் கடையில் வாங்குவதில்லை; வீட்டு நிலவறையில் உட்கார்ந்து தானே மருந்து அளந்து அடைப்பான். "நான் மேட்டு வழியாப் போறேன். நீ சதுப்போரமாப் போ. மத்தியானத்துக்கு மேல பழைய மரவெட்டிங்க திடல்ல பார்ப்போம்."

"சதுப்பா? நீதான் இனிமே அங்க யாரும் கால் வைக்கக்கூடாதுன்னு..."

"மான் அங்கதான் இருக்கு." அவன் கறி அடைத்த பேஸ்டி ஒன்றைத் தாளில் சுற்றி அவள் பையில் திணித்தான். பிறகு குனிந்து அவள் கோட்டின் பொத்தான்களைக் கழுத்துவரை ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டான். ஒரு தடவைகூட அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

பாவம், மகன் ஞாபகம், என்று ஐலா நினைத்தாள். அவளுக்கு அவன்மேல் இரக்கம் பொங்கியது. பின்னால் அதைத்தான் அவளால் தாங்க முடியாமல் போனது.

*

பரணில் ஏறிக் காத்திருப்பது, ஆள் விட்டுக் கலைத்து விரட்டுவது இதெல்லாம் அவர்கள் குடும்பத்தில் கிடையாது. காற்றுக்கு எதிராக இரண்டு மூன்று அடி வைப்பது, பிறகு நிற்பது. நின்று பார்ப்பது. மரத்துக்கும் மரத்துக்கும் இடையே படுக்கைவாட்டில் ஒரு கோடு தெரிந்தால் அது மானின் முதுகாக இருக்கலாம். காதின் ஓர் அசைவு, மூக்கின் ஈர மினுக்கம், அதற்குமேல் எதையும் எதிர்பார்க்கக் கூடாது. நடப்பது கொஞ்சம், நிற்பது நிறைய. நின்றுகொண்டிருக்கும்போது ஆள் மரமாகிவிட வேண்டும் என்று என்சியோ சொல்வான்.

விடியும் முன் விழுந்த மெல்லிய பனி காலடிச் சத்தத்தை உறிஞ்சிக்கொண்டது. நல்ல வேட்டை நாள். முதலில் வெள்ளைப்பட்டை பிர்ச் மரங்களும், அவற்றின் உரிந்த பட்டைகள் காற்றில் தாள்போலப் படபடப்பதும், செவ்வணில் ஒன்று அவளைக் கண்டுகொண்டு கிளையிலிருந்து வாய் ஓயாமல் வைததுமாக இருந்தது. அப்புறம் தரை தாழ்ந்து, பூட்ஸுக்கடியில் பாசி பஞ்சாக அமுங்க ஆரம்பித்து, தேவதாரு மரங்கள் நெருங்கி நெருங்கி வந்து, வானம் கிளைகளுக்கு மேலே கிழிந்த சாம்பல் துணியாகக் குறுகியது. தேங்கிய நீரின் இரும்பு வாடையும் தேவதாருப் பட்டையின் காரமான மணமும் ஒன்றாகக் கலந்து தொண்டையில் இறங்கின.

அணிலின் வசவு பின்னால் எங்கோ நின்றுபோயிருந்தது. எப்போது நின்றது என்று அவள் கவனிக்கவில்லை.

கொஞ்ச தூரத்தில் இரண்டு பெண்மான்கள் நின்றன. காற்று அவற்றிடமிருந்து அவளை நோக்கி வந்தது. அவற்றுக்கு அவள் வாடை போயிருக்க வழியில்லை. ஆனாலும் தலை தூக்கிப் பார்த்தன. அவளை அல்ல. அவள் தோளுக்கு மேலாக, பின்னால். ஒன்று முன்காலால் தரையைத் தட்டியது. பிறகு இரண்டும், வாலை உயர்த்தித் துள்ளி ஓடாமல், வயிறு தரையில் படுவதுபோலப் பதுங்கிப் பதுங்கி விலகிப் போயின. மான் அப்படிப் போய் அவள் பார்த்ததே இல்லை.

திரும்பினாள். மரங்கள். பனிமேல் அவளுடைய காலடித் தடம் மட்டும்.

மறுபடி நடந்தாள். இரண்டு அடி. நின்றாள்.

அவள் நின்ற பிறகு பின்னால் பாசி ஒரு தரம் அமுங்கியது.

மெல்லிய சத்தம்தான். கிளையிலிருந்து பனி சரிந்தால்கூட அப்படிக் கேட்கும். அவள் மூச்சை நிறுத்திக் காத்தாள். ஒன்றுமில்லை. திரும்ப இரண்டு அடி வைத்து நின்றாள். திரும்பவும் அது, ஒரே ஒரு அடி, அவளுக்குச் சற்றுப் பிந்தி. இந்த முறை பின்னால் மட்டும் இல்லை. வலது பக்கத்திலும்.

அண்ணன் என்று நினைத்தாள். மேட்டு வழி வேண்டாமென்று இறங்கி, விளையாட்டுக்காக அவள்மேலேயே வேட்டை பழகுகிறான். சின்ன வயதில் அப்படிச் செய்வான். பின்னாலேயே வந்து ஜடையை இழுப்பான்.

"அண்ணா, போதும். வயசுக்கு ஏத்த மாதிரி நடந்துக்க," என்றாள் மெதுவாக.

குரல் பக்கத்து மரத்தைத் தாண்டவில்லை.

அப்போதுதான் கலைமான் வந்தது. இடப்பக்கத்து ஓடையிலிருந்து தானாக ஏறி, பெரிய கொம்போடு, விலாவைக் காட்டி நின்றது. ஐலாவின் கை பழக்கத்தில் துப்பாக்கியைத் தோளுக்குக் கொண்டுபோனது. விசையை அழுத்தினாள்.

டிக்.

வெடிக்கவில்லை. மான் காதைத் திருப்பியது. அவள் அடுத்த தோட்டாவை ஏற்றி அழுத்தினாள். டிக். அடுத்தது. டிக். மான் நிதானமாக நடந்து மரங்களுக்குள் மறைந்தது.

வெளியே விழுந்த தோட்டா ஒன்றைப் பனியிலிருந்து எடுத்துக் காதருகே வைத்துக் குலுக்கினாள். உள்ளே மருந்து மணல்போலச் சரசரக்க வேண்டும். சரசரக்கவில்லை. இன்னொன்று. அதுவும் வெறும் கூடு. பையிலிருந்தவற்றையும் எடுத்துக் குலுக்கினாள். எல்லாமே என்சியோ கையால் அடைத்தவை. எதிலுமே மருந்து இல்லை.

ஒன்று தவறலாம். அவன் கையில் அத்தனையும் தவறாது.

எரிந்த கோட்டு ஞாபகம் வந்தது. முகத்தைப் பார்க்காத அண்ணன். கழுத்துவரை போட்ட பொத்தான்கள். ஒரு கிளையில் பொத்தான் போட்டபடி தொங்கிய கோட்டு.

அவளுக்கு வந்தது பயம்கூட இல்லை. ஏழு வயதில், அடிபடும் என்று தெரிந்தும் மரத்திலிருந்து குதித்தபோது கீழே விரிந்திருந்த அண்ணனின் இரண்டு கைகளை நினைத்தாள். அந்தக் கைகள்தான் ராத்திரி விளக்கடியில் உட்கார்ந்து தோட்டாக்களை ஒவ்வொன்றாகக் காலி செய்திருக்கின்றன. அவள் பக்கத்துக் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறாள்.

கோட்டைக் கழற்றப் பார்த்தாள். பொத்தான்கள் விரலுக்கு வழுக்கின. குளிரில் விரல் மரத்திருக்கும். மேல் பொத்தானைப் பிடித்து இழுத்தாள், நூல்கூட அசையவில்லை.

நடந்தாள். சத்தத்தைப் பற்றிக் கவலைப்படாமல், திடல் இருக்கும் திசையை நோக்கி. அங்கேயிருந்து வண்டித்தடம் சாலைக்குப் போகும். அவள் வேகத்துக்குச் சரியாகச் சுற்றிலும் பாசி அமுங்கியது. அவள் நின்றால் அதுவும் நின்றது, ஒரு அடி பிந்தி.

அப்போது பாதை ஒன்று குறுக்கே வந்தது. மான் தடமில்லை. ஒரே ஆள் வருஷம் முழுக்க நடந்து நடந்து பாசி தேய்ந்து கறுத்த ஒற்றையடி. அதன்மேல், புதுப்பனியில், இன்று காலையின் பூட்ஸ் தடம். குதிகால் உள்பக்கம் தேய்ந்த தடம். வலது கால் சற்றே வெளியே திரும்பும். அதைப் பின்தொடர்ந்துதான் அவள் நடக்கவே கற்றுக்கொண்டாள்.

பாதை ஒரு பழப்பெட்டியில் போய் முடிந்தது. கவிழ்த்துப்போட்ட மரப்பெட்டி. பக்கத்தில் தகரக் கோப்பை, அதில் உறைந்த காபி. புகையிலைத் துப்பல்கள். குளிர்காலத்தில் போட்டது, வசந்தத்தில் போட்டது, நேற்றுப் போட்டது. அண்ணன் இங்கே உட்கார்ந்திருக்கிறான். இந்த வருஷம் முழுக்க, சுரங்கத்துக்கு ராத்திரி வேலைக்குப் போகிறேன் என்று லெம்பியிடம் சொல்லிவிட்டு, இங்கே, எதையோ பார்த்து.

ஐலா பெட்டி நோக்கியிருந்த திசையில் பார்த்தாள்.

இரண்டு தேவதாருக்களுக்கு நடுவே ஒரு மெல்லிய மரம். பட்டை வெளுத்தது. இடுப்புயரத்தில் ஒரு கணு. மேலே கொஞ்சம் பனி.

மரமில்லை.

சட்டை மட்டும் போட்டு, ஒரு காலைத் தரையிலிருந்து லேசாகத் தூக்கி, அடுத்த அடி வைக்கப்போகும் நிலையில் நீலோ நின்றுகொண்டிருந்தான். கண் திறந்திருந்தது. கண்ணிமையில் பனி இருந்தது. கரையவில்லை.

"கத்தாத, ஐலா."

என்சியோ பெட்டிக்குப் பின்னால் இருந்த மரத்தை ஒட்டி வந்து நின்றான். கையில் துப்பாக்கி இல்லை. இப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தான். அழுதிருந்தான்.

"என்னண்ணா இது?" அவள் நீலோவைக் கைகாட்டினாள். "என்ன பண்ணி வச்சிருக்க?"

"ஜனவரி மாசத்துல பார்த்தேன். இழுத்துப் பார்த்தேன், வரல. கோடாலி, கயிறு, எல்லாம் கொண்டாந்தேன். வேர் விட்டாப்பல நிக்கறான். ஆனா நான் ஒரு அடி வச்சா அவனும் வைக்கறான், ஐலா. என் புள்ள உசுரோட இருக்கான்."

"ஆளுங்களக் கூட்டிட்டு வர வேண்டியதுதான?"

"கூட்டிட்டு வந்து? ராத்திரில பேசுவான். அவன் எடத்துல ஒருத்தர் நின்னாப் போதும்பான். அவன் கோட்டைப் போட்டுக்கிட்டு. நானே போட்டு நின்னு பார்த்தேன். ஒத்துக்கல. பெத்தவனுக்கு ஒத்துக்காதாம்."

"அதுக்கு நானா?" அவள் அவனை நோக்கிக் கத்தினாள். "நான்தான் கிடைச்சேனா உனக்கு? நீ தூக்கி வளர்த்தவளையா?"

என்சியோ தலையைக் குனிந்துகொண்டான். ரொம்ப அன்பாக, குழந்தைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பதுபோலச் சொன்னான்.

"அவனுக்கு அம்மா இருக்கா. கட்டிக்கப்போற பொண்ணு இருக்கா. உனக்குன்னு யாரு இருக்கா, ஐலா?"

நீதான் என்று சொல்ல வாயெடுத்தாள். அப்பாவைப் படுக்கையில் வைத்துப் பத்து வருஷம் பார்த்துக்கொண்டவள் அவள். அதனால்தான் கல்யாணம் தள்ளிப்போனது. என்சியோ குடும்பம் நடத்த வேண்டும் என்பதற்காக. அதையெல்லாம் சேர்த்துத்தான் அவன் கழித்துப் பார்த்திருக்கிறான். மிச்சம் ஒன்றுமில்லை.

துப்பாக்கியைத் தலைகீழாகப் பிடித்தாள். கட்டையால் அவன் மண்டையைப் பிளந்துவிட்டு ஓட வேண்டும். பாய்ந்து ஒரு அடி வைத்தாள்.

காடு முழுக்க ஒரு அடி வைத்தது.

சுற்றிலும் தேவதாரு என்று காலையிலிருந்து அவள் எண்ணி வந்தவற்றில் பாதி, தேவதாரு இல்லை. தொப்பி. தோள்கள். கிழிந்த கம்பளி. மட்கிய தோல் கோட்டு. யாரோ ஒரு பெண்ணின் நீளப் பாவாடை, விளிம்பில் பாசி. எல்லா முகங்களும் அவளைப் பார்த்திருந்தன. எல்லாருக்கும் ஒரு கால் தூக்கியிருந்தது.

அவள் நின்றாள்.

அதைத்தான் செய்திருக்கக் கூடாது. ஆனால் காட்டில் பயம் வந்தால் நிற்கத்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

நீலோவின் தூக்கிய கால் தரையில் இறங்கியது. பூட்ஸ் பனியில் நறுக்கென்று அழுந்தியது. இமைப்பனி உருகிக் கன்னத்தில் வழிந்தது. அவன் வாயிலிருந்து வெள்ளைப் புகையாக ஒரு மூச்சு வெளியே வந்தது.

"நீலோ," என்றான் என்சியோ. "என் ராசா. வாடா. அம்மா சோறு வச்சிருக்கா."

என்சியோ மகனின் கையைப் பிடித்துக்கொண்டான். பிடித்தபடியே பாதையில் நடத்திக் கூட்டிப்போனான். ஐலாவைக் கடந்தபோது அவன் தோள் அவள் தோளில் இடித்தது. மன்னிப்புக் கேட்கவில்லை. திரும்பிப் பார்க்கவில்லை. அவன் குரல் கேட்டது, ஒரு வருஷமாகக் கேட்காத சந்தோஷக் குரல்: வீட்டில் கூரை மாற்றியது, படகுக்குச் சாயம் அடித்தது, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிக்கொண்டே போனான்.

என்சியோ ஒரு அடி வைத்தான். நீலோ ஒரு அடி வைத்தான். சற்றுப் பிந்தி.

என்சியோ திரும்பிப் பார்க்கவில்லை. அவன் கையைப் பிடித்திருந்த அது திரும்பியது. உடம்பு முன்னால் நடந்துகொண்டே இருக்க, தலை மட்டும், நிதானமாக, முழுக்க. ஐலாவைப் பார்த்தது. நீலோவின் முகம்தான். நீலோ ஒருபோதும் அப்படிச் சிரித்ததில்லை.

"அண்ணா!" என்று கத்தினாள் ஐலா. அவன் பிடித்திருப்பது என்னவென்று சொல்லிவிட வேண்டும். அந்த நேரத்திலும் அவளுக்கு அதுதான் தோன்றியது. "அண்ணா, கையை விடு!"

வாய் அசையவில்லை. கத்தியது மண்டைக்குள் மட்டும்.

கால். அடுத்த அடிக்குத் தூக்கிய வலது கால். அதை எப்போது தூக்கினாள்? இறக்கப் பார்த்தாள். இறங்கவில்லை. இடது கால் பாசிக்குள் குளிர்ந்துகொண்டே போனது, கீழே, இன்னும் கீழே.

பேச்சுச் சத்தம் மேட்டைத் தாண்டி மறைந்தது. வெளிச்சம் மங்கியது. பனி விழ ஆரம்பித்தது. அவள் கண்ணிமையில் விழுந்தது. கரையவில்லை.

சுற்றி நின்றவர்களின் வாய்கள், ஒவ்வொன்றாக, ஓசையில்லாமல் திறந்தன. ஒவ்வொரு வாயிலிருந்தும் வெள்ளையாக மூச்சுப் புகை கிளம்பியது. பாவாடை கட்டிய பெண் முதலில் காலை இறக்கி, அவளை நோக்கி ஒரு அடி வைத்தாள். பிறகு மற்றவர்கள். அவள் அசையவே இல்லை; அவர்கள் வந்தார்கள். ஒரு அடி. நின்று பார்த்தார்கள். இன்னொரு அடி. போன வருஷம்போலவே கோட்டைக் கழற்றிக் கிளையில் மாட்ட எல்லாருடைய கைகளும் முன்னால் நீண்டிருந்தன, அவள் கோட்டின் மேல் பொத்தானை நோக்கி.